பாசி தன் பச்சைச் சவ்வைக் கட்டும் விதம்: குறுவை வயலிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

வழக்கப்படி ஜூன் 12ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வந்து, குறுவை நடவும் முடிந்து ஒரு பத்து நாள் ஆனபிறகு திருவிடைமருதூர் பக்கம் வயலில் இறங்கிப் பாருங்கள். டிஏபி அடியுரம் விழுந்த வயல்களில் நாற்றுக்கு நடுவே தேங்கிய தண்ணீர் பச்சையாகியிருக்கும். என் சித்தப்பா மயில்துத்தத்தைத் துணியில் மூட்டையாகக் கட்டி வாய்மடையில் போட்டுவிட்டு, "உரம் போடுறது நெல்லுக்கு, திங்கிறது பாசி" என்று அலுத்துக்கொள்வார்.

அவர் சொல்வது பாதி சரி. டிஏபியில் இருக்கும் பாஸ்பரஸைப் பாசி விழுங்கத்தான் செய்கிறது, டிஎன்ஏ, ஆர்என்ஏ, ஏடிபி எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆனால் அந்தச் செல்லுக்குள் இருப்பதிலேயே பெரிய சவ்வை, ஒளிச்சேர்க்கையின் ஒளி வேலை முழுக்க நடக்கிற தைலகாய்டு சவ்வைக் கட்டும்போது பாசி பாஸ்பரஸை அதில் கிட்டத்தட்ட வைப்பதே இல்லை. சர்க்கரையை வைத்துக் கட்டுகிறது. நம் உடம்புச் செல்களின் சவ்வெல்லாம் பெரும்பாலும் பாஸ்போலிப்பிட், அதாவது பாஸ்பேட் தலை வைத்த கொழுப்பு (லிப்பிட்), பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதான், அதனால் முதலில் இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்து, சமைத்து முடித்ததும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவோமே, பாசிக்குப் பாஸ்பேட் அப்படித்தான். வேலை நடக்கும்போது கையில் இருக்கும், வேலை முடிந்ததும் திரும்பிப் போய்விடும். கீழே வரும் படிகளில் பாஸ்பேட் எங்கே வருகிறது, எங்கே கழற்றப்படுகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வந்தால் மற்றதெல்லாம் தானாக நினைவில் நிற்கும்.

எந்தப் பாசியை வைத்துப் பேசுகிறோம்?

வயல் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி, நூல் பாசி, ஒருசெல் பச்சைப் பாசி எல்லாம் கலந்து கிடக்கும். நாம் பேசப்போவது கடைசி வகை. அதிலும் விவரம் அதிகம் தெரிந்தது கிளாமிடோமோனாஸ் ரெய்ன்ஹார்டி. ஆய்வகங்களில் இன்று வளர்க்கப்படுவது 1945ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு உருளைக்கிழங்கு வயல் மண்ணிலிருந்து எடுத்த செல்லின் வம்சம், மரபணுத்தொகுதி 2007ல் வெளியானது. இதன் சொந்தக்காரர்கள் நம் குளம் குட்டையிலும் நிறைய உண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த எம்.ஓ.பி. ஐயங்கார் போன்றவர்கள் இந்தக் கூட்டத்தைத் தேடித்தேடி விவரித்தவர்கள். செல்லின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. உள்ளே கிண்ணம் மாதிரி ஒரே ஒரு பசுங்கணிகம், செல்லின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும்.

கட்டப்போகும் நான்கு சரக்கு

பெயர்கள் கொஞ்சம் மிரட்டும், ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மோனோகேலக்டோசில் டைஅசைல்கிளிசரால், சுருக்கமாக எம்ஜிடிஜி: ஒரு கேலக்டோஸ் சர்க்கரைத் தலை, இரண்டு கொழுப்பு அமில வால். சவ்வில் ஏறக்குறைய பாதி இதுதான். டிஜிடிஜி: அதே உடம்பு, தலையில் இரண்டு கேலக்டோஸ், ஏறக்குறைய கால் பங்கு. எஸ்க்யூடிஜி: கந்தகம் ஏறிய சர்க்கரைத் தலை. பிஜி, அதாவது பாஸ்பாட்டிடைல்கிளிசரால்: இந்த நாலு பேரில் பாஸ்பரஸ் வைத்திருக்கும் ஒரே ஆள். கடைசி இரண்டும் சேர்ந்து மீதியை நிரப்புகின்றன.

உருவமும் முக்கியம். எம்ஜிடிஜியின் தலை சின்னது, வால் அகலம், கடலைப் பொட்டலம் மாதிரி கூம்பு. டிஜிடிஜி மூங்கில் குழாய் மாதிரி மேலும் கீழும் ஒரே பருமன். குழாய்களை அடுக்கினால் தட்டையான தளம் வரும். பொட்டலங்களை மட்டும் அடுக்கினால் தளம் வளைந்து சுருண்டுகொள்ளும், தனி எம்ஜிடிஜியைத் தண்ணீரில் விட்டால் அது இரட்டை அடுக்குச் சவ்வாக நிற்காது. அப்படிப்பட்ட ஒன்றை ஏன் பாதிக்குப் பாதி போட்டு வைத்திருக்கிறது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் படி: இரண்டு கார்பன் துண்டு தயார் செய்வது

எல்லாம் அசிட்டைல் கோஏ என்ற இரண்டு கார்பன் துண்டில் தொடங்குகிறது. வெயிலில் பிடித்த கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாகி, உடைந்து பைருவேட் ஆகி, பசுங்கணிகத்துக்குள் அசிட்டைல் கோஏ ஆகிறது. கிளாமிடோமோனாஸுக்கு இன்னொரு வழியும் உண்டு, வெளியில் அசிட்டேட் கிடைத்தால் அதை நேராக எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் இதை வளர்க்கும் வழக்கமான ஊட்டக் கரைசலில் அசிட்டேட் சேர்ப்பது அதனால்தான். மடக்கி உழுத வைக்கோல் தண்ணீருக்கடியில் காற்றில்லாமல் மக்கும்போது அசிட்டிக் அமிலம் வரும் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். வயல் தண்ணீர் இந்த ஜாதிக்கு எவ்வளவு வசதியான இடம் என்று புரியும்.

இரண்டாம் படி: வாலை நீட்டுவது

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ் என்ற நொதி, ஒரு ஏடிபி செலவழித்து, இரண்டு கார்பன் துண்டின் மேல் ஒரு கார்பன் டை ஆக்சைடை ஏற்றி மூன்று கார்பன் ஆக்குகிறது. அடுத்த வினையிலேயே, அந்தத் துண்டு வளரும் சங்கிலியில் ஒட்டும்போது, ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு கழன்று போய்விடும். ஏன் ஏற்றி இறக்க வேண்டும்? கொத்தனார் சாரம் கட்டிச் சுவர் எழுப்பிவிட்டுச் சாரத்தைப் பிரிப்பதில்லையா, அதே கதை. அது கழன்று போகும் வேகம்தான் இரண்டு கார்பனை ஒட்ட வைக்கும் உந்துதல்.

ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வேலை: ஒட்டு, ஒடுக்கு, தண்ணீரை எடு, மறுபடி ஒடுக்கு. ஒரு சுற்றுக்கு இரண்டு கார்பன் கூடும். ஆரம்பத் துண்டோடு ஏழு சுற்று ஓடினால் 16 கார்பன் பால்மிடிக் அமிலம், செலவு 7 ஏடிபி, 14 ஒடுக்கிகள் (எலக்ட்ரான் கொடுக்கும் மூலக்கூறுகள்). இன்னொரு சுற்று போனால் 18. வளரும் சங்கிலி முழு நேரமும் ஏசிபி என்ற சின்னப் புரதத்தின் கையைப் பிடித்தபடியே இருக்கும், நடுவில் விடாது. 18 கார்பன் வாலுக்கு இந்தக் கட்டத்திலேயே ஒன்பதாவது கார்பனில் ஒரு இரட்டைப் பிணைப்பு விழுந்துவிடுகிறது.

இவ்வளவு செலவுக்கும் பணம் தருவது வெயில். வெளிச்சம் பட்டதும் பசுங்கணிகத் திரவத்தின் பிஎச் 8க்குப் பக்கத்தில் ஏறும், மெக்னீசியம் கூடும், கார்பாக்சிலேஸ் நொதி முடுக்கிவிடப்படும். ஆக ஒளிச்சேர்க்கைச் சவ்வுக்கு வேண்டிய வாலை ஒளிச்சேர்க்கையே பகலில் நெய்துகொள்கிறது, தறியே தனக்கு வேண்டிய மரத்தைச் செதுக்கிக்கொள்வது மாதிரி.

மூன்றாம் படி: முதுகெலும்பில் வால் பூட்டுவது

கிளிசரால்-3-பாஸ்பேட் என்ற மூன்று கார்பன் சட்டம் வருகிறது. பெயரிலேயே பாஸ்பேட் இருக்கிறது பாருங்கள், வாடகைப் பாத்திரம் வந்து இறங்கிவிட்டது. முதல் இடத்தில் பெரும்பாலும் 18 கார்பன் வால், இரண்டாம் இடத்தில் 16 கார்பன் வால், இரண்டையும் இரண்டு வெவ்வேறு நொதிகள் பூட்டும். விளைவு பாஸ்பாட்டிடிக் அமிலம்.

இரண்டாம் இடத்தில் 16 என்பது பாக்டீரியா காலத்து வழக்கம். பசுங்கணிகம் என்பதே ஒரு காலத்தில் விழுங்கப்பட்ட நீலப்பச்சைப் பாசிதானே, அந்தப் பழக்கம் விடவில்லை. செல்லின் வெளிப்பகுதியில் எண்டோபிளாச வலையில் கட்டப்படும் லிப்பிடுகளில் செடிகளுக்கு இந்த இடத்தில் 18 இருக்கும்.

இப்போது அதே வயலில் நிற்கும் நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புல் குடும்பத்துப் பயிர்கள் தைலகாய்டு எம்ஜிடிஜிக்கு வேண்டிய உடம்பைப் பெரும்பாலும் எண்டோபிளாச வலையில் கட்டி, அங்கிருந்து பசுங்கணிகத்துக்கு இறக்குமதி செய்கின்றன. பசலைக்கீரை மாதிரி சில செடிகள் இரண்டு வழியையும் கலந்து வைத்திருக்கும். கிளாமிடோமோனாஸ் எம்ஜிடிஜியைப் பெரும்பாலும் பசுங்கணிகத்துக்குள்ளேயே முடித்துவிடுகிறது. ஒரே சேற்றில் நின்று, ஒரே வெயிலைக் குடித்து, நெல் ஒரு வழியிலும் அதன் காலடியில் மிதக்கும் பாசி வேறு வழியிலும் ஒரே சவ்வைக் கட்டுகின்றன. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. "இரண்டாம் இடத்தில் 16 இருந்தால் அது பசுங்கணிகச் சரக்கு" என்று முத்திரை குத்திவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. கிளாமிடோமோனாஸில் எண்டோபிளாச வலையில் இருக்கும் ஒரு நொதியும் அங்கே 16ஐப் பூட்டும் என்று பின்னால் தெரிய வந்தது. அதனால் முத்திரையை மட்டும் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. வெளியிலிருந்து உள்ளே வரும் போக்குவரத்தும் இந்தப் பாசியில் முழுக்க நின்றுவிடவில்லை.

வெளியே இன்னொரு சிக்கனமும் நடக்கிறது. செடிகளும் நாமும் செல் சவ்வுக்குப் பயன்படுத்தும் பாஸ்பாட்டிடைல்கோலின் கிளாமிடோமோனாஸில் கிடையாது. அதற்குப் பதில் பாஸ்பரஸே இல்லாத, நைட்ரஜன் தாங்கிய பீட்டெய்ன் லிப்பிட் ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது.

நான்காம் படி: பாஸ்பேட்டைக் கழற்றுவது

சின்னப் படி, ஆனால் எல்லாம் திரும்பும் இடம். ஒரு பாஸ்படேஸ் நொதி பாஸ்பாட்டிடிக் அமிலத்திலிருந்து பாஸ்பேட்டை வெட்டிவிடும். மிச்சம் டைஅசைல்கிளிசரால், தலையில்லாத உடம்பு. பாத்திரம் கழுவித் திருப்பிக் கொடுத்தாயிற்று. வெட்டப்படாமல் தப்பித்த கொஞ்சம் பாஸ்பாட்டிடிக் அமிலம் மட்டும் பிஜி பக்கம் போகும்.

ஐந்தாம் படி: சர்க்கரைத் தலை வைப்பது

யூடிபி கேலக்டோஸ் என்ற சுமையாள் கேலக்டோஸைத் தூக்கி வருகிறான். எம்ஜிடி நொதி அதை வாங்கித் தலையில்லாத உடம்பில் வைத்தால் எம்ஜிடிஜி. யூடிபி வெறுங்கையோடு திரும்பிப் போகும், அதிலிருக்கும் பாஸ்பேட்டும் கூடவே போகும், பொருளில் ஒட்டாது. செடிகளில் இந்த வேலை நடப்பது பசுங்கணிக உறையின் உள்சவ்வில். பிறகு டிஜிடி நொதி இன்னொரு கேலக்டோஸை மேலே வைத்தால் டிஜிடிஜி, அது வெளிச்சவ்வு வேலை.

இந்த நொதி எவ்வளவு அவசியம் என்பதற்கு ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் நல்ல சாட்சி இருக்கிறது. எம்ஜிடி1 மரபணுவை முழுக்க முடக்கிய நாற்று வெளுத்துப்போய், சர்க்கரை ஊட்டினால்தான் உயிரோடு இருக்கும். தைலகாய்டு உருவாகவே இல்லை. டிஜிடி1 கெட்ட செடி குட்டையாகி, ஒளிச்சேர்க்கை தடுமாறும்.

இதில் ஒரு துப்பறியும் கதையும் உண்டு. நீலப்பச்சைப் பாசியும் இதே எம்ஜிடிஜியைத்தான் செய்கிறது, ஆனால் முதலில் குளுக்கோஸைத் தலையில் வைத்து, அப்புறம் அதன் ஒரு ஹைட்ராக்சிலைத் திருப்பிப்போட்டு கேலக்டோஸ் ஆக்குகிறது. பச்சைப் பாசியும் செடியும் நேராகவே கேலக்டோஸை வைக்கின்றன. பசுங்கணிகம் மூதாதையரிடமிருந்து வந்தது, சரக்கும் அதே சரக்கு, ஆனால் செய்கிற கருவியை வழியில் எங்கோ மாற்றிவிட்டார்கள்! பாட்டி வைத்த அதே வத்தக்குழம்பு, அம்மியை விட்டுவிட்டு மிக்ஸிக்கு வந்தது போல.

ஆறாம் படி: கந்தகத் தலையும் பாஸ்பரஸ் தலையும்

எஸ்க்யூடிஜியை 1959ல் ஆண்ட்ரூ பென்சனும் கூட்டாளிகளும் கண்டுபிடித்து அறிவித்தார்கள், கால்வின் பென்சன் சுழற்சியில் வரும் அதே பென்சன்தான். முதலில் எஸ்க்யூடி1 நொதி யூடிபி குளுக்கோஸையும் சல்பைட்டையும் சேர்த்துக் கந்தகச் சர்க்கரை செய்யும், அடுத்து எஸ்க்யூடி2 அதை உடம்பில் வைக்கும். பிஜி வழி வேறு: பாஸ்பாட்டிடிக் அமிலம் சிடிபி டைஅசைல்கிளிசரால் ஆகி, இன்னொரு கிளிசரால் பாஸ்பேட் ஏறி, அதிலிருந்து ஒரு பாஸ்பேட் கழன்று பிஜி. தைலகாய்டு பிஜியின் இரண்டாம் வாலில் மூன்றாவது கார்பனில் டிரான்ஸ் வகை இரட்டைப் பிணைப்பு ஒன்று விழும். இந்த வால் எம்ஜிடிஜியிலோ டிஜிடிஜியிலோ இருக்காது.

இந்த இரண்டுக்கும் எதிர்மின் சுமை உண்டு. சவ்வில் மொத்த எதிர்மின் சுமை ஓரளவு நிலையாக இருக்க வேண்டும் என்பதால் ஒன்று குறைந்தால் மற்றது ஏறும். பாஸ்பரஸ் பஞ்சம் வந்தால் பிஜி இறங்கி எஸ்க்யூடிஜி ஏறும். கந்தகப் பஞ்சம் வந்தால் கிளாமிடோமோனாஸ் எஸ்க்யூடிஜியை உடைத்துக் கந்தகத்தைப் புரதத்துக்குத் திருப்பிவிட்டு, பிஜியை ஏற்றும். சித்தப்பா டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் போட்டிருந்தால் பாசிக்கு இரண்டுமே கிடைத்திருக்கும், அதில் கந்தகமும் உண்டு. ஆனால் பிஜியை அடியோடு ஒழிக்க முடியாது. தைலகாய்டில் ஒளியைப் பிடித்துத் தண்ணீரை உடைக்கும் புரதக் கூட்டமான ஒளித்தொகுதி 2க்கு உள்ளே குறிப்பிட்ட இடங்களில் அது உட்கார்ந்திருக்கிறது, அங்கே எஸ்க்யூடிஜி போய் நின்றாலும் வேலை முழுசாக நடக்காது. சிக்கனத்துக்கும் ஒரு எல்லை உண்டே.

ஏழாம் படி: வாலை வளைப்பது

லிப்பிட் கட்டி முடிந்தபிறகுதான் மீதி இரட்டைப் பிணைப்புகள் விழும். டிசாச்சுரேஸ் நொதிகள் வரிசையாக வந்து, ஃபெரிடாக்சின் தரும் எலக்ட்ரானையும் ஆக்சிஜனையும் வைத்து, ஒவ்வொரு பிணைப்பாகப் போடும். இரண்டுமே ஒளிச்சேர்க்கையின் வரவுதான். கடைசியில் கிளாமிடோமோனாஸின் அடையாள எம்ஜிடிஜி வரும்: முதல் இடத்தில் 18 கார்பனில் மூன்று பிணைப்பு, இரண்டாம் இடத்தில் 16 கார்பனில் நான்கு. ஒரு மூலக்கூறில் ஏழு! நாலாவது கார்பனில் விழும் அந்தக் கடைசிப் பிணைப்புக்குத் தனியாக ஒரு நொதி வைத்திருக்கிறது, நெல்லிடம் அது கிடையாது.

ஒவ்வொரு பிணைப்பும் வாலில் ஒரு மடிப்பு. மடிந்த வால்கள் நெருங்கி அடுக்க முடியாது, சவ்வு எண்ணெய் மாதிரி நெகிழ்ந்திருக்கும், பிளாஸ்டோகுவினோன் அதில் நீந்தி எலக்ட்ரானை எடுத்துப்போகலாம். மார்கழிக் குளிர் தண்ணீருக்கு இது நல்லது. அக்னி நட்சத்திரத்தில் இதே நெகிழ்வு தொல்லை, ஆக்சிஜனும் வெளிச்சமும் சேர்ந்தால் இத்தனை இரட்டைப் பிணைப்பும் எளிதில் கெட்டுப்போகும். வெயில் ஏறினால் செல் பிணைப்பு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும்.

எட்டாம் படி: உறையிலிருந்து தைலகாய்டுக்கு

செய்தது உறைச் சவ்வில், வேண்டியது உள்ளே தைலகாய்டில், நடுவில் தண்ணீர். லிப்பிட் தண்ணீரில் நீந்தாது. எப்படிப் போகிறது? நேர்மையாகச் சொன்னால் இந்தப் படிதான் எல்லாவற்றிலும் குறைவாகத் துலங்கியது. 2015ல் கிளாமிடோமோனாஸ் செல்லை உறையவைத்து எடுத்த கிரையோ எலக்ட்ரான் படங்களில் தைலகாய்டு நுனிகள் பல ஒன்று கூடி உறைக்குப் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. விப்1 என்ற புரதம் இதில் சம்பந்தப்பட்டது. அது வளையம் வளையமாகக் கூடி சவ்வை வளைக்கக்கூடியது, நம் செல்களில் சவ்வை வெட்டி ஒட்டும் புரதக் குடும்பத்துக்கு உறவு.

அப்புறம், பொட்டலம் மாதிரி எம்ஜிடிஜி ஏன் பாதிக்குப் பாதி? தைலகாய்டில் புரதம் நெருக்கியடித்துக் கொண்டிருக்கும். அந்தப் புரதங்களின் பக்கவாட்டு மேடுபள்ளத்தில் கூம்பு வடிவம் செருகிக்கொண்டு பொருந்தும், புரதங்கள் பிடித்துக்கொள்வதால் தனியாகச் சுருண்டுபோகவும் வழியில்லை. அதிக வெளிச்சம் வரும்போது வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியை மாற்றிப் பாதுகாக்கும் செடி நொதிக்கும் எம்ஜிடிஜி மாதிரி சுருளும் லிப்பிட் பக்கத்தில் இருந்தால்தான் வேலை ஓடும்.

பிரிக்கும் காலம்

நைட்ரஜன் தீர்ந்துபோனால் பாசி கட்டிய சவ்வைத் தானே பிரிக்கத் தொடங்கும். பிஜிடி1 என்ற லிப்பேஸ் (கொழுப்பை வெட்டும் நொதி) எம்ஜிடிஜியிலிருந்து வாலைக் கழற்றும், அந்த வால் எண்ணெய்த் துளியாகச் சேரும், பச்சை வெளுக்கும். பாசியிலிருந்து டீசல் என்று பேசுபவர்கள் துரத்துவது இந்த எண்ணெயைத்தான். எண்ணெய் கூடும்போது வளர்ச்சி நின்றுவிடுகிறது, அந்த முடிச்சு இன்னும் சரியாக அவிழவில்லை.

கண்ணால் பார்க்க

இந்த நான்கு லிப்பிடையும் பாசியிலிருந்து பிரித்தெடுத்து, சிலிகா பூசிய தகட்டில் தனித்தனிப் புள்ளியாக ஓட்டிப் பார்க்கலாம். கல்லூரியில் வேதியியல் ஆய்வகமும் புகைப்போக்கி அறையும் கிடைக்கிறவர்களுக்கு மட்டும் இது. வீட்டு அடுப்படியில் குளோரோபார்ம் பக்கம் போகவே வேண்டாம்.

முதுகலை ப்ராஜெக்டில் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்லை மையவிலக்கியில் இறக்கி, அந்தப் பச்சை வண்டலை ஃப்ரீசரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன், ராத்திரி கரண்ட் போயிற்று, காலையில் வண்டல் உருகிக் கிடந்தது. பரவாயில்லை என்று ஓட்டினேன். தகட்டில் எம்ஜிடிஜி இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு நிழல், வெட்டுப்பட்ட கொழுப்பு அமிலம் மட்டும் பட்டையாக. செல் செத்தாலும் லிப்பேஸ் சாகாது. மூன்று வார வளர்ப்பு வீண்.

அதனால் செல்லை எடுத்த உடனே கொதிக்கும் ஐசோபுரோப்பனாலில் போட்டு நொதிகளைக் கொன்றுவிடுங்கள். பிறகு பிளையும் டையரும் 1959ல் வெளியிட்ட முறை: குளோரோபார்ம், மெத்தனால், தண்ணீர் 1:2:0.8 விகிதத்தில் கலக்கி, அப்புறம் இன்னும் ஒரு பங்கு குளோரோபார்மும் ஒரு பங்கு தண்ணீரும் சேர்த்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். கீழ் அடுக்கில் லிப்பிடும் பச்சையமும் இருக்கும். அதைச் சிலிகா தகட்டில் வையுங்கள். தகட்டை முன்பே அம்மோனியம் சல்பேட் கரைசலில் நனைத்துக் காயவைத்து, 120 டிகிரியில் சூடேற்றியிருக்க வேண்டும். ஓட்டும் கரைசல் அசிட்டோன், டொலுயீன், தண்ணீர் 91:30:8.

பச்சையமும் எண்ணெயும் உச்சிக்கு ஓடிவிடும். கீழே வரும்போது முதலில் எம்ஜிடிஜி, அப்புறம் பிஜி, அதற்குக் கீழே டிஜிடிஜி, இன்னும் கீழே எஸ்க்யூடிஜி. கூடுதல் சர்க்கரை சிலிகாவைப் பிடித்துக்கொள்வதால் டிஜிடிஜி பின்தங்குகிறது. ஆல்பா நாப்தால் தெளித்து சூடேற்றினால் சர்க்கரை உள்ள புள்ளிகள் சிவந்த ஊதாவாகும். அந்த நிறத்தில் வரும் புள்ளிகளுக்குப் பக்கத்தில் பிஜி எவ்வளவு சின்னது என்று பார்த்தால் மேலே சொன்ன கணக்கு ஒரே பார்வையில் தெரியும். நாப்தால் இல்லையென்றால் ஐயோடின் ஆவி போதும், எல்லா லிப்பிடும் பழுப்பாகத் தெரியும், ஆனால் சில நிமிடங்களில் மங்கிவிடும், எனவே தகட்டை வெளியே எடுத்ததுமே ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் வட்டமிட்டு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.